அதிகம் ஓடாத கப்பல் கார்

அரியலூரிலிருந்து பெரம்பலூருக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறவன் நான். உட்கார்ந்து இல்லை, நின்று. சில நாள் நிற்கவும் இடமிருக்காது. ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு, இன்னொரு காலை யார் மிதித்துக்கொண்டிருக்கிறார் என்று தேடிக்கொண்டே போவேன். அப்படிப்பட்ட என் வீட்டுக் கொட்டகையில் ஒரு கார் நிற்கிறது. சாதாரணக் கார் இல்லை, சீமைக் கார். இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கிறீர்கள் பாருங்கள், என் மனைவி குஞ்சம்மாளும் இப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்ததற்குக் காரணம் வேறு. அது தெரிந்திருந்தால் நான் ஏன் உங்களிடம் வந்து புலம்பப் போகிறேன்?

கார் என் மாமனார் கொடுத்த சீர். அவர் செந்துறையில் லாரி வைத்திருந்தவர். நொடித்துப்போன ஜமீன் குடும்பம் ஒன்று விற்றதை வாங்கி, மாலை போட்டு, மாப்பிள்ளைக்கு என்று கொண்டுவந்து நிறுத்திவிட்டார். நீளமென்றால் அப்படி ஒரு நீளம். மூக்கு எங்கள் வாசலில் இருந்தால் வால் பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி வாசலில் இருக்கும். தெருவில் அதற்குக் கப்பல் கார் என்று பெயர். எல்லாம் செய்த அந்த மனுஷர், மாப்பிள்ளைக்கு ஓட்டத் தெரியுமா என்று மட்டும் கேட்கவில்லை. எனக்குத் தெரியாது. ஒரு நாள் கற்றுக்கொள்ளலாமென்று ஸ்டியரிங்கைப் பிடித்தேன். புஷ்பவல்லி வீட்டு மாட்டுத் தொட்டி உடைந்தது. அதோடு சரி.

அப்புறம்தான் ஆபீஸில் ஓர் இங்கிலீஷ் பத்திரிகை கையில் கிடைத்தது. படித்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. பழைய சீமைக் கார் என்றால் பைத்தியமாக அலைகிற பெரிய மனிதர்கள் இருக்கிறார்களாம். கம்பெனிக்காரன் செய்வதையே நிறுத்திவிட்ட மாடல் என்றால் உயிரை விடுவார்களாம். அதிலும் அதிகம் ஓடாத கார் என்றால் வாய் திறந்து பேரம்கூடப் பேச மாட்டார்களாம். எங்கள் மாடலைக் கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டது. மீட்டரில் மூவாயிரம் மைல்கூட இல்லை. நான் ஓட்டக் கற்றுக்கொள்ளாமல் இருந்தது சோம்பேறித்தனம் இல்லை, தீர்க்கதரிசனம் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

நேரே வீட்டுக்கு வந்தேன். சாமி படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றினேன்.

“குஞ்சு, இங்க வா!”

“என்னங்க, இன்னிக்கு என்ன விசேஷம்?”

“கொட்டகையில நிக்குதே, அது இனிமே கார் இல்ல. சொத்து! மீட்டர் ஒரு மைல்கூட ஓடக் கூடாது. சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணு.”

“மீட்டர் ஓடுனா என்னங்க?”

“ஓடாம இருந்தாத்தான் வெல. நல்ல வெலைக்கு வித்துட்டு, பெரம்பலூர்ல ஆபீசுக்கு எதுத்தாப்புலயே ஒரு வூடு வாங்கிருவேன். அப்பறம் எந்தப் பய என் கால மிதிப்பான்?”

“பெரம்பலூர்லயா? அங்க எனக்கு யாரு இருக்கா?”

“நான் இருக்கேன்ல!”

அவள் முகத்தைப் பார்த்தால் அது ஒரு பதிலாகவே தெரியவில்லை போலிருந்தது.

“இந்தத் தெருவ விட்டு நான் வர மாட்டேங்க. சொல்லிட்டேன்.”

“அத விக்கிறப்பப் பாத்துக்கலாம். இப்ப சத்தியத்தப் பண்ணு.”

“என்னன்னு பண்ணணும்? சரியாச் சொல்லுங்க. சாமி விஷயம்.”

“மீட்டர் ஓடாதுன்னு பண்ணு.”

“செட்டிகுளம் முருகன் மேல சத்தியமா மீட்டர் ஓடாதுங்க” என்று ஒரே தட்டில் சூடத்தை அணைத்தாள். இப்படி ஒரு கீழ்ப்படிதலுள்ள மனைவி யாருக்கு வாய்க்கும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். முட்டாள்!

அன்றிலிருந்து கார்ச் சாவி என் அரைஞாண் கயிற்றில் ஏறியது. குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லை. காரை ஒரு படுதா போட்டு மூடினேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் படுதாவை விலக்கி மீட்டரைத் தரிசனம் செய்வேன். அதே எண், இம்மி அசையாது. டயரைப் பார்த்தால் புத்தம் புதிதாக இருக்கும். படுதாவில் ஒரு பொட்டுத் தூசி இருக்காது. குஞ்சம்மாள் எனக்காகத் தினமும் தட்டி வைக்கிறாள் என்று நினைத்து உருகிப்போவேன். எங்கள் வீட்டுப் பூனை எந்நேரமும் காரின் முன்பக்கத்து மூடி மேலேயே சுருண்டு படுத்திருக்கும். பூனைக்குக்கூடச் சீமைக் காரின் அருமை தெரிகிறதே என்று பூரித்துப்போவேன்.

ஒரு கிருத்திகை நாள். வழக்கம்போல பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தேன். பாதி வழியில் ஒரு நீளமான கார் பாம் பாம் என்று எங்களைத் தாண்டிப் போயிற்று. உள்ளே முழுக்கப் பெண்கள். ஜன்னல் ஓரத்தில் தேங்காய்ப் பழத் தட்டு வேறு.

“எங்க வூட்டுலயும் இதே மாதிரி ஒண்ணு நிக்குதுய்யா” என்றேன் கண்டக்டரிடம்.

“இதே மாதிரியா சார்?”

“அச்சு அசல். ஆனா நம்மளது ஓடாது. ஓட விட மாட்டேன்.”

அந்த ஆள் அந்தப் பக்கம் திரும்பித் தோள் குலுங்க இருமினான். டிக்கெட் போடக்கூட மறந்துவிட்டான். பாவம், தூசி நெஞ்சில் போயிருக்கும் என்று நினைத்தேன். அவனுக்காகப் பரிதாபப்பட்டேனே, அதுதான் இப்போது எரிகிறது!

புஷ்பவல்லிக்குப் பேரன் பிறந்தபோதும் இப்படித்தான் ஏமாந்தேன். கார்மேகம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

“அருமையான தமிழ்ப் பேரு! மழை வேணும்னு வெச்சீங்களாம்மா?” என்றேன் சுவரைத் தாண்டி.

“இல்லண்ணே. பொறந்த எடத்த வெச்சு வெச்சோம்” என்றாள் புஷ்பவல்லி. குஞ்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள்.

மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். பிறகு பேப்பரில் விளம்பரம் கொடுத்தேன். ‘அதிகம் ஓடாத சீமைக் கார் விற்பனைக்கு.’ அச்சடித்தவன் ‘அதிகம்’ என்ற வார்த்தையை விழுங்கிவிட்டான். ‘ஓடாத சீமைக் கார் விற்பனைக்கு’ என்று வந்தது. மறுநாளே ஜெயங்கொண்டத்திலிருந்து பழைய இரும்புக்காரர் ஒருவர் தராசோடு வந்து நின்றார்.

“ஓடாத காருன்னு போட்டிருந்துச்சே, எங்கங்க?”

“யோவ், ஓடாத காருன்னா, ஓட்டாத காருய்யா!”

“ஓட்டாமலே ஓடாதுன்னு எப்புடிங்க கண்டுபிடிச்சீங்க?”

“ஓடும்யா! ஓடுற காரு. ஆனா ஓடாதது.”

அவர் என்னைப் பார்க்காமல் குஞ்சம்மாளைப் பார்த்தார். “தங்கச்சி, அண்ணனுக்கு ஒடம்புக்கு முடியலைங்களா? நான் பொறவு வரேன்” என்று தராசைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டார்.

சண்டை போட்டு ‘அதிகம்’ சேர்த்து மறுபடி போட வைத்தேன். மெட்ராஸிலிருந்து கிருஷ்ணமூர்த்தி என்று ஒருவர் வருவதாகத் தந்தி வந்தது. பழைய கார்க்காரர்கள் சங்கத்தில் பெரிய புள்ளி.

“குஞ்சு, நாளைக்கு ஆள் வருது!”

“வரட்டுங்க. நல்லாப் பாக்கட்டும்” என்றாள், தோசையைத் திருப்பிக்கொண்டே. கோபமில்லை, அழுகையில்லை. அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். காரை எடுக்க முடியுமா? மீட்டர் ஓடிவிடுமே! குதிரை வண்டி பிடித்து அவரைக் கூட்டி வந்தேன். கார் வாங்க வந்தவர் குதிரை வண்டியில் வந்து இறங்கியதைத் தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது.

கிருஷ்ணமூர்த்தி நரைத்த மீசைக்காரர். படுதாவை விலக்கியதும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டே வந்தார். மீட்டரைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

“சார், இந்த மாடல் ரோட்டுல பாக்கறதே அபூர்வம். அதுல இந்த மைல்! வெலையெல்லாம் நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்றதுதான்.”

கேட்டீர்களா? நான் சொல்றதுதான்! அந்த நிமிஷமே என் மனசுக்குள் பெரம்பலூர் வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் நடந்துவிட்டது. ஜன்னலுக்குப் பச்சை பெயிண்ட் என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

பூனை சோம்பல் முறித்துக்கொண்டு காரிலிருந்து இறங்கியது. அது படுத்திருந்த இடத்தில் கிருஷ்ணமூர்த்தி பாசமாகக் கையை வைத்தார். வெடுக்கென்று எடுத்தார்.

“சுடறதே சார்!”

“வெயிலுங்க.”

“கொட்டகைக்குள்ள ஏது வெயில்?”

அவர் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார். வெகுநேரம் வெளியே எடுக்கவே இல்லை.

“மூவாயிரம் மைல் ஓடின காருக்கு கிளட்ச் பெடல் ரப்பர் தேயாது சார். இது வழவழன்னு இருக்கு. அது மட்டுமில்ல, குறுக்கக் குறுக்கக் கீறியிருக்கு. செருப்பு பட்டா இப்படிக் கீறல் விழாதே...”

அந்த நேரம் பார்த்துக் குஞ்சம்மாள் காபியோடு வந்தாள். கல் தரையில் மெட்டி டக் டக் என்றது. கிருஷ்ணமூர்த்தி காபியைப் பார்க்கவில்லை. அவள் கால் விரலைப் பார்த்தார். பெடலைப் பார்த்தார். மறுபடி காலைப் பார்த்தார்.

“ஏம்மா, இந்த வண்டிய யாரு ஓட்டறா?”

“நான்தாங்க” என்றாள், காபி யார் போட்டது என்று கேட்ட மாதிரி.

“என்னாது!” என்று நான் போட்ட சத்தத்தில் பூனை கூரை மேல் ஏறிவிட்டது. “எப்பத்தாண்டீ ஓட்டுன?”

“தெனமுந்தான். நீங்க பஸ் ஏறுன அப்பறம்.”

“சாவி என் இடுப்புல இருக்குடீ!”

“அது ஒண்ணு. இன்னொண்ணு என் இடுப்புல இருக்கு” என்று கொத்துச் சாவியைக் குலுக்கிக் காட்டினாள்.

“ஓட்டறதுக்கு யார்றீ கத்துக் குடுத்தா?”

“லாரிக்காரர் மகளுக்கு யாரு கத்துக் குடுக்கணும்? கல்யாணத்துக்கு முன்னாடியே அப்பா லைசென்ஸ் எடுத்துக் குடுத்துட்டாங்க. பொண்ணு பாக்க வந்தப்பப் பாடத் தெரியுமான்னு கேட்டீங்க. ஓட்டத் தெரியுமான்னா கேட்டீங்க?”

“அடிப்பாவி! சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணியே! முருகன் கண்ணக் குத்த மாட்டாரா?”

“எதுக்குங்க குத்துறாரு? மீட்டர் ஓடாதுன்னு சத்தியம் பண்ணுனேன். அன்னிக்கே மீட்டர் கேபிளக் கழட்டி வெச்சுட்டேன். டயர் தேஞ்சா அப்பா புதுசு மாத்திக் குடுத்துடுவாங்க. நீங்களே ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பாத்தீங்கள்ல, ஒரு மைலாச்சும் ஓடிருக்கா? மாசாமாசம் கிருத்திகைக்குச் செட்டிகுளத்துக்கே இதுலதான் போய் முருகனுக்கு நடந்ததச் சொல்லிட்டு வரேன்.”

சுவருக்கு மேலே புஷ்பவல்லி தலை எட்டிப் பார்த்தது. “அண்ணே, குஞ்சு இல்லாட்டி என் மகளும் பேரனும் எனக்கு இல்ல. நடுச்சாமத்துல வேற எந்த வண்டி கெடைக்கும்? பெரியாஸ்பத்திரி வாசல்ல இந்தப் பின் சீட்டுலதான் பொறந்தான். காருல பொறந்ததாலதான் கார்மேகம்.”

நடுச்சாமத்தில்! அப்போது நான் எங்கே இருந்தேன்? பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேனாம். கேட்டால் எனக்கு அவமானமாக இருக்காதா? தெருவுக்குத் தெரியும். கண்டக்டருக்குத் தெரியும். பூனைக்குத் தெரியும். சொந்தக்காரன் எனக்கு மட்டும் தெரியாது.

“அது சரி, இன்னிக்கு எதுக்குடி எடுத்த? ஆள் வர்ற நேரத்துலயா?”

“நீங்க ஸ்டேஷனுக்குப் போனீங்க. நான் சும்மா ஊர ஒரு சுத்து சுத்திட்டு வந்தேன். மெட்ராஸ்லேருந்து வர்றவங்களுக்கு காபி மட்டும் சூடா இருந்தாப் போதுங்களா?”

கிருஷ்ணமூர்த்தி வாய்விட்டுச் சிரித்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“சார், மீட்டர் அப்புடியேதான் சார் இருக்கு! நாம ரெண்டு பேரும் வெளியில சொல்லாம இருந்தா...”

“எங்க ஆளுங்க மீட்டர நம்ப மாட்டாங்க சார், பெடலத்தான் பாப்பாங்க. அதிகம் ஓடாம இருந்தா இது பொக்கிஷம். ஓடிட்டா பழைய கார்.”

“அப்ப இதுக்கு ஒரு வெலையுமே இல்லையா?”

“எங்களுக்கு இல்ல. அம்மாவக் கேளுங்க, அவங்க ஒரு வெல சொல்லுவாங்க.”

“விக்கிறதுக்கு இல்லீங்க” என்றாள் குஞ்சம்மாள். பெரம்பலூர் வீடு, பச்சை ஜன்னலோடு, அப்படியே இடிந்து விழுந்தது.

“சாருக்கு ரயிலுக்கு நேரமாச்சு. ஏறுங்க, நானே விட்டுர்றேன்” என்று முந்தானையை இழுத்துச் செருகினாள். கிருஷ்ணமூர்த்தி குழந்தை மாதிரி முன் சீட்டில் ஏறிக்கொண்டார். நான் மட்டும் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? பின் சீட்டில் ஏறினேன். என் சொந்தக் காரில் நான் செய்த முதல் பிரயாணம் அது.

போகிற வழியெல்லாம் பெண்கள் குஞ்சம்மாளுக்குக் கை காட்டினார்கள். பெரம்பலூர் பஸ் எதிரே வந்தது. அந்தக் கண்டக்டர் படியில் நின்றபடி என்னைப் பார்த்து இருமினான். கிருஷ்ணமூர்த்தி கண்ணை மூடி எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார்.

“என்னமா வெச்சிருக்கீங்கம்மா வண்டிய! ஆனா ஒண்ணுதான் எனக்குப் புரியல. அதிகம் ஓடாததுன்னு விளம்பரத்துல போட்டிருந்துதே, அது எது?”

குஞ்சம்மாள் கியரை மாற்றிக்கொண்டே கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“அது பின் சீட்டுல உக்காந்திருக்குங்க சார்.”