துரை காரின் கூரைக் கொக்கி

பிள்ளைகளே, மழை பெய்யும்போதெல்லாம் அம்மா என்னைப் பார்த்து, "சாமி, எப்ப வுடும்?" என்று கேட்பதும் நீங்கள் சிரிப்பதும் வழக்கமாகிவிட்டது. டிரைவிங் லைசன்ஸ் இருந்தும் அப்பா ஏன் இன்னும் ரப்பர் ஸ்டோரில் ஷீட் அழுத்தும் ரோலர் மெஷினோடு நிற்கிறார் என்றும் கேட்கிறீர்கள். இரண்டுக்கும் ஒரே கதைதான்.

அப்போது எங்கள் தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கு டிரைவராக வேண்டும் என்பதே என் ஒரே ஆசை. (ரோலர் முன்னால் நின்று வாயாலேயே கியர் மாற்றுவேன்.)

அந்த வருடம் திருவிழா அன்று அம்மனை ஊர்வலம் கொண்டுபோகும் டிராக்டர் படுத்துவிட்டது. துரை தன் அப்பா காலத்துக் காரைத் தந்தார். துணிக்கூரை போட்ட கார். கூரையை மடக்கினால்தான் மேல்வழியாக அம்மனைப் பின்சீட்டில் இறக்க முடியும். ஆனால் முன்கண்ணாடிக்கு மேலே கூரையைப் பூட்டும் கொக்கி துருவேறி இறுகிக் கிடந்தது.

"யாருக்கு ஏலும்?" என்றார் துரை.

"நான் தொறக்கிறேங்க, தொர."

"சரி. தொறந்தா நீதான் டிரைவர்."

"டேய், அம்மன் விசயம், வெளாடாத" என்றார் பூசாரி.

ரப்பர் ஸ்டோர்க்காரனுக்குச் சகல நோய்க்கும் ஒரே மருந்து, ரப்பர் பாலை உறைய வைக்கும் அசிட். அதை ஊற்றி, ஊறவிட்டு, குறடால் இழுத்தேன். டக்! கூரை திறந்தது. கொக்கியும் உடைந்து கையோடு வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் கொக்கியைச் சத்தமில்லாமல் சட்டைப்பைக்குள் போட்டேன்.

இரண்டாவது லயத்து வீடுகளைத் தாண்டும்போது மழை. கூரையை இழுத்து மூடினோம்.

"லொக் பண்ணு!" என்றார் துரை.

"கையால புடிச்சிக்கிறேங்க. அதுதான் நல்லது."

துரை கார் ஓட்ட, நான் பக்கத்துச் சீட்டில் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கூரையைப் பிடித்திருந்தேன். கால்மணி நேரத்தில் கை நடுங்கியது. பிறகு உடம்பே நடுங்கியது.

ஜன்னலோரம் நடந்து வந்த செல்லம்மா அக்கா எட்டிப் பார்த்து அலறினார்: "ஐயோ, இவனுக்குச் சாமி வந்திருச்சு!"

தப்பு மேளம் வேகம் பிடித்தது. பூசாரி ஓடிவந்து திருநீறை அள்ளிப் பூசினார். பாதி வாய்க்குள் போனது.

"சாமி, கொழும்புக்குப் போன எம் மவன் எப்ப வருவான்?" என்று கேட்டார் செல்லம்மா அக்கா.

"மழ வுடட்டும்க்கா!" என்று கதறினேன்.

"மழ வுட்டா வந்துருவானாம்!" கூட்டம் குலவை போட்டது. பால்குடத்தோடு நின்றவர்களில் ஒரே ஒரு பெண் மட்டும் குடம் குலுங்கச் சிரித்தாள். அது உங்கள் அம்மா.

கோயிலில் அம்மனை இறக்கியதும் துரை என் தோளைத் தட்டினார். "சாமி இல்லன்னு எனக்குத் தெரியும். வுடாம புடிச்ச பாரு, அதான் வேணும். திங்கக்கிழம டிரைவர் வேலைக்கு வா."

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் காருக்குத் திரும்பி வந்தேன். ஒரே ஒரு தடவை டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். பிறகு இறங்கி, உடைந்த கொக்கியைச் சட்டையில் துடைத்து, துரை கண்ணில் படும்படி அந்தச் சீட்டின் நடுவில் வைத்துவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தினேன். திங்கட்கிழமை ரோலர் மெஷினுக்கே போனேன்.