மூன்று முறைக்கு மேல் கிடையாது

"சார், என்னை உள்ள விடமாட்டேங்குது!"

கணக்குப் பிரிவு அக்கா வந்து நின்றபோது சிஸ்டம்காரர் தன் கைவேலையைத் தானே ரசித்துக்கொண்டிருந்தார். தலைமை அலுவலகத்துத் தணிக்கை அதிகாரி இன்று வருகிறார். அவருக்குத் திருப்தி என்றால்தான் சிஸ்டம்காரரின் வேலை நிரந்தரமாகும். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அதனால் காலையில் வந்ததும் வராததுமாக சர்வரில் கைவைத்திருந்தார்.

அந்த லினக்ஸ் சர்வரில் யாரை உள்ளே விடுவது என்பதற்கு வரிவரியாக விதிகள் உண்டு. வாசலில் வரிசையாக நிற்கும் காவல்காரர்கள் மாதிரி மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியும் ஆளை விசாரிக்கும். சேர்ந்த புதிதில் தானே போட்டு மறந்த, பார்க்கக் குப்பையாகத் தெரிந்த பழைய வரி ஒன்றைத் தூக்கிவிட்டு, பாஸ்வேர்டை மூன்று முறை தப்பாக அடித்தால் பூட்டு என்று புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தார்.

"பாஸ்வேர்டு சரியா அடிச்சீங்களாக்கா?"

"எப்பவும் அடிக்கிறதத்தான் சார் அடிச்சேன். மூணு தடவையும் அதேதான்."

விரல் தடுமாறியிருக்கும், ஒப்புக்கொள்ள மனசு வராது என்று நினைத்துக்கொண்டு, பூட்டை விடுவித்து மூன்றைப் பத்தாக்கினார். அக்கா பொறுமையாகப் பத்து முறையும் அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். இந்தத் தடவை அவர் பின்னால் ஆபீசே வந்தது.

போன் அலறியது. மேனேஜர்.

"என்னய்யா இது, என்னையே வெளிய நிறுத்திடுச்சு!"

சிஸ்டம்காரர் போனை வைத்தார். வரிசையில்தான் ஏதோ கோளாறு என்று வரிகளை மேலும் கீழுமாக மாற்றிப் போட்டார். அந்த அவசரத்தில், கடைசியில் நிற்க வேண்டிய 'எவரையும் விடாதே' என்ற வரி முதல் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. வந்தவர் எவராயிருந்தாலும் பேச்சே இல்லாமல் விரட்டியது.

நல்லவேளை, விவரமானவர். முழு அதிகாரமுள்ள ஒரு திரையை மட்டும் தன் மேஜையில் மூடாமல் வைத்திருந்தார். அது இருக்கும்வரை எதையும் சரிசெய்துவிடலாம். அந்தத் தைரியத்தில் மேனேஜரைச் சமாதானப்படுத்த நேரில் போனார்.

மேனேஜர் லேசில் சமாதானமாகிறவர் அல்ல. பாட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால், ஆளில்லாத திரை தன்னைத்தானே பூட்டிக்கொண்டிருந்தது. பாஸ்வேர்டை அடித்தார். திரைப்பூட்டும் அதே விதிகளைத்தான் கேட்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. தான் எழுதிய சட்டம் தன்னையே வெளியே தள்ளியதில் மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது. சேர்ந்த நாளிலிருந்து ஒரு புகார்கூட வராத மனிதர்!

"சார், அந்த ஆடிட் மேடம் கார்லேர்ந்து இறங்கறாங்க!" என்றார் அக்கா.

சர்வரை அணைத்தார். பாஸ்வேர்டு கேட்காத மீட்பு முறையில் எழுப்பினார். எல்லா வரிகளுக்கும் மேலே ஒன்றை எழுதினார்: யார் வந்தாலும், எதை அடித்தாலும், உள்ளே விடு. மகா பாவம்தான். ஆனால் அவரவர் தங்கள் பாஸ்வேர்டை அடித்துத்தானே உள்ளே போகப்போகிறார்கள்? யாருக்குத் தெரியப்போகிறது? இன்று ஒருநாள் ஓட்டிவிட்டால் நாளை சரிசெய்துகொள்ளலாம்.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தபடி வந்தார். "யாராவது ஒருத்தர் உள்ள போய்க் காட்டுங்க."

அக்கா உட்கார்ந்தார். கணினி சமர்த்தாகத் திறந்தது. மேனேஜர் முகத்தில்கூடச் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"நல்லது," என்றார் அதிகாரி. "பாஸ்வேர்டு எத்தனை நாளைக்கு ஒருதடவை மாத்துவீங்க?"

சிஸ்டம்காரரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல இதைவிட நேரம் வாய்க்காது என்று அக்காவுக்குத் தோன்றியது.

"அந்தத் தொல்லையெல்லாம் இங்க கிடையாதுங்க மேடம். சார் வந்த நாள்லேர்ந்து நாங்க எல்லாரும் வெறும் என்டர்தான் தட்டறோம். இன்னிக்குக் காலைல மட்டும் அது ஏதோ கெட்டுப்போச்சு, பாவம், ஓடி ஓடி இப்பதான் பழையபடி ஆக்கினாரு!"