நாலுகால் கண்டுபிடித்த கிணறு

ஞாயிறு காலை பத்தே காலுக்கு என் மகளைக் காணவில்லை. அப்போது அவளுக்கு ஆறு வயது. இன்றும் கடிகாரம் பத்தே கால் காட்டினால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அதற்கு முன் நாலுகாலைப் பற்றிச் சொல்லவேண்டும். செங்கல்பட்டு ஜில்லாவிலேயே நின்றபடி முள் வெட்டத் தெரியாத ஒரே முள்வெட்டி அவர்தான்.

திருக்கழுக்குன்றம் பக்கம் நான் வாங்கிய ஒன்றரை ஏக்கரை வேலிகாத்தான் முள் முழுசாக மூடியிருந்தது. வெட்ட வந்தவர் வந்ததும் மண்டியிட்டார். பூமியைக் கும்பிடுகிறார் என்று நானும் கை கூப்பினேன். அவரோ கத்தியை முன்னால் நீட்டித் தவழ ஆரம்பித்தார்.

“இன்னா ஸார் பாத்துகினு கீற? உள்ள வரணும்னா நீயும் தவழு.”

“எதுக்குப்பா?”

“சொவரில்லாத பழைய கெணறு ஒண்ணு கீதாம். எங்கன்னு எவனுக்கும் தெரியல. நின்னுகினு போறவனுக்கு முள்ளுதான் தெரியும். தவழ்றவனுக்குத்தான் கெணறு தெரியும்.”

அளக்க வந்த சர்வேயர் வரைபடத்தை வாயில் கவ்விக்கொண்டு தவழ்ந்தார். அணுபுரத்திலிருந்து வெள்ளை பேண்ட்டில் வந்த என் மைத்துனன், “மாமா, நெலம் வாங்கினீங்களா, வேண்டுதல் வெச்சீங்களா?” என்று கேட்டுக்கொண்டே தவழ்ந்தான்.

அந்த ஞாயிறு மகளைக் கூட்டிப்போய் வேப்பமரத்தடியில் உட்கார வைத்தேன். திரும்பிப் பார்த்தால் பிஸ்கட் பாக்கெட் மட்டும் இருந்தது.

கிணறு! கூப்பிட்டுக்கொண்டே முள்ளுக்குள் ஓடினேன். புதருக்குள்ளிருந்து ஒரு கை என் கணுக்காலைப் பிடித்தது. குப்புற விழுந்தேன். நீட்டிய என் கைக்குக் கீழே தரை இல்லை.

“அசையாத ஸார்!” என்றார் நாலுகால்.

கிணற்றுக்குள் அவள் பெயரைக் கத்தினேன். இரண்டு புறாக்கள் பறந்தன. நாலுகால் என் பக்கத்தில் தவழ்ந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, பின்னால் போய் மறுபடி என் காலைப் பிடித்துக்கொண்டார்.

“தண்ணி மேல பாசி கிழியல ஸார். யாரும் வுழல.”

நம்ப முடியவில்லை. எனக்குப் பல் தந்தியடித்தது.

வெட்டிய பாதை முடிகிற இடத்தில் அவருடைய சம்சாரம் வந்து நின்றார். ஒரு கையில் கூழ்த் தூக்கு, மறு கையில் என் மகள், வாயெல்லாம் கூழ்.

“பசிக்குதுன்னுச்சு, ரோட்டாண்ட இட்டுகினு போய் ஊத்திக் குடுத்தேன். அதான் புள்ள வந்துட்ச்சே, இன்னும் இன்னாத்துக்குய்யா ஸாரு காலைப் புடிச்சுகினு கீற?”

“இருடி,” என்றார் நாலுகால். “ஸாருக்கு ஒதறல் நிக்கட்டும்.”