மேலாளர் ஓர் ஊரைக் காப்பாற்றிய வரலாறு

மனித குலம் இதுவரை மூன்றே முறைதான் முறையாக வீடு மாறியிருக்கிறது. முதல் முறை குகையிலிருந்து குடிசைக்கு. இரண்டாம் முறை குடிசையிலிருந்து அடுக்குமாடிக்கு. மூன்றாம் முறை, வேலைக்கென்று கடல் தாண்டி வந்து பதினோராவது மாடியில் குடியிருந்த ஒரு காப்பீட்டு நிறுவன மேலாளர், நாட்டுப்புறத்தில் நூறு வயதுக்குக் குறையாத கல்வீடு ஒன்றை வாங்கியே தீருவது என்று முடிவெடுத்த அந்த வியாழக்கிழமை. முதல் இரண்டையும் யார் தொடங்கி வைத்தார்கள் என்பதற்குக் குறிப்பில்லை. மூன்றாவதைத் தொடங்கி வைத்தது கைப்பேசியில் வந்த ஏழு நிமிடக் காணொளி.

அதில் ஒருவர் தன் பழைய வீட்டுச் சுவரைத் தடவிக்கொண்டே, இங்கே வந்த பிறகுதான் வாழவே ஆரம்பித்ததாகச் சொன்னார். மேலாளர் அதை நான்கு தடவை பார்த்தார். ஐந்தாம் தடவை அலுவலகக் கூட்டத்தில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினார்.

"கிராமங்கள் செத்துக்கிட்டிருக்கு. யாராவது காப்பாத்தணும். நான் முடிவு பண்ணிட்டேன்" என்றார்.

கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் உணர்ச்சிவசப்பட்டுத் தலையாட்டினார்கள். அது பதவி உயர்வுப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்த மாதம்.

வீட்டில் மட்டும் அவ்வளவு ஆதரவு கிடைக்கவில்லை. மனைவி மருந்துக்கடையில் மருந்தாளர். எதைக் கையில் எடுத்தாலும் காலாவதித் தேதியைத் தேடிப் பழகியவர்.

"நூறு வயசு வீட்டுல குளியலறைக்கு என்ன வயசுங்க?"

"எல்லாமே அசலா இருக்கும்."

"அப்ப வீட்டுக்குப் பின்னாடி இருக்கும்னு சொல்லுங்க."

இருந்தாலும் சனிக்கிழமை காலையில் இருவரும் கிளம்பினார்கள். இரண்டு மணி நேரப் பயணத்துக்குப் பிறகு, முழங்கால் வரை ரப்பர் காலணி போட்ட ஒரு தரகரம்மா அவர்களை வரவேற்றார். குறை என்ற சொல்லையே தொழிலிலிருந்து ஒழித்துக்கட்டிய மாதரசி அவர். முதலில் காட்டிய வீட்டில் சுவர் முழுக்க ஈரம் படம் வரைந்திருந்தது.

"சுவரெல்லாம் ஊறிப்போயிருக்கே?" என்றார் மனைவி.

"அது சுவாசிக்கிற சுவர், மேடம்."

"சுவாசிக்கிற மாதிரி தெரியலியே. மூச்சு வாங்குற மாதிரில்ல இருக்கு."

தரை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. மேலாளர் கையிலிருந்து விழுந்த பேனா, அறையைக் குறுக்காகக் கடந்து எதிர்ச்சுவர் வரை தானாகவே போய்ச் சேர்ந்தது. மேலாளர் அதைப் பெருமிதத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்பக் குணமுள்ள வீடு சார் இது" என்றார் தரகரம்மா.

"குணமாகுற கட்டத்தைத் தாண்டிடுச்சும்மா" என்றார் மருந்தாளர்.

இரண்டாவது வீட்டில் மாடி இருந்தது, மாடிப்படி இல்லை. மூன்றாவதாகப் போனது ஆற்றங்கரையில் இருபத்து மூன்று வீடுகள் கொண்ட ஒரு சிற்றூர். அதில் கடைசி வீட்டுக்குச் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவர். வாசற்படி இறங்குவதற்குள் மூன்று இடத்தில் நின்றார்.

மேலாளருக்கு வீட்டைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது. இரண்டடி கனத்தில் கல்சுவர். கருத்து வைரம் பாய்ந்த உத்தரங்கள். ஒரு ஆள் நின்று குளிர்காயக்கூடிய அகலத்தில் கணப்பு. ஓட்டுநரோ விற்கத் தெரியாத மனிதர். உண்மையைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"பின் அறையில ஒழுகும் சார். வாளி வைக்கணும்."

"மழைச் சத்தம் கேட்டுக்கிட்டே தூங்கலாம்" என்றார் மேலாளர்.

"பரண்ல வௌவால் இருக்கு."

"இயற்கையோட இணைஞ்ச வாழ்க்கை!"

குளியலறையில்தான் மேலாளரின் முகம் வாடியது. சுவரில் வெள்ளை வெளேரென்று ஒரு புதிய வெந்நீர்க் கருவி.

"இது அசல் இல்லையே, ஐயா?"

"இருபது வருஷம் பச்சத்தண்ணில குளிச்சிட்டுப் போன வருஷம்தான் சார் மாட்டினேன்."

"வீட்டைக் கொடுக்கும்போது இதைக் கழட்டிட்டுக் கொடுக்க முடியுமா?"

ஓட்டுநர் மேலாளரின் மனைவியைப் பார்த்தார். மனைவி உத்தரத்தைப் பார்த்தார்.

பிறகு ஊரைச் சுற்றிக் காட்ட ஓட்டுநர் கைத்தடியோடு முன்னால் நடந்தார். அழகான தெரு. ஒவ்வொரு வீட்டுக்கும் புது வர்ணம். ஒவ்வொரு ஜன்னலிலும் வாடாத பிளாஸ்டிக் பூ. ஒவ்வொரு கதவிலும் எண் பூட்டுப் போட்ட சாவிப்பெட்டி. ஒரு புகைபோக்கியிலும் புகை இல்லை.

"எல்லாரும் வெளில போயிருக்காங்களா?" என்று கேட்டார் மனைவி.

"வந்தாத்தானம்மா போறதுக்கு? இது பல் டாக்டர் வீடு. போன வருஷம் நாலு நாள் இருந்தாரு. அது ரெண்டு வக்கீலுங்க சேர்ந்து வாங்கினது. யார் எப்ப வர்றதுன்னு வழக்கு நடக்குது. அதோ, அது பள்ளிக்கூடம். இப்ப தியானக்கூடம். பசங்க இல்லாததால நல்ல அமைதியா இருக்குன்னு வாங்கினாங்க."

"பஸ் வசதி?"

"நான்தாம்மா ஓட்டினேன். கடைசி ஒரு வருஷம் ஏறினது ஒரே ஒரு அம்மா. அவங்களும் வித்துட்டுப் போனப்புறம் காலி வண்டிய ஓட்டிட்டு வந்து, காலி வண்டியத் திருப்பி ஓட்டிட்டுப் போனேன். நிறுத்திட்டாங்க. இப்ப இந்த ஊர்ல விளக்கு எரியிறது என் ஒருத்தன் வீட்டுலதான்."

மேலாளர் நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டார். அவருடைய அறச்சீற்றம் கண்கொள்ளாக் காட்சி.

"என்ன மனுஷங்க இவங்க! வீட்டை வாங்கிப் பூட்டிப் போட்டா ஊர் எப்படிங்க உசிரோட இருக்கும்? கொஞ்சம்கூட மனசாட்சி வேண்டாமா?"

"அதைத்தான் சார் நானும் யோசிச்சேன்" என்றார் ஓட்டுநர். "டவுன்ல ரொட்டி போடுற ஒரு புருஷன் பொண்டாட்டி, ரெண்டு குழந்தைங்க, என் வீட்டைக் கேட்டிருக்காங்க. இங்கயே இருப்போம், அடுப்பு கட்டி நாலு ஊருக்கு ரொட்டி போடுவோங்கிறாங்க. அடுப்புக்கு அனுமதி வர மூணு வாரம் ஆகுமாம். நான் குடிபோறதா இருக்கிற வீட்டுக்காரரும் மூணு வாரம் பொறுக்கிறேன்னுட்டாரு. முழங்கால்தான் பொறுக்க மாட்டேங்குது."

தரகரம்மா சட்டென்று நடுவில் புகுந்தார். "அனுமதி வராமலும் போகலாம். சார் நாளைக்கே கையெழுத்துப் போடுவாரு."

ஓட்டுநர் கைத்தடியில் சாய்ந்துகொண்டு மேலாளரை நேராகப் பார்த்தார். "நீங்க இங்க இருப்பீங்களா சார்?"

"என் மனசு எப்பவும் இங்கயேதான் இருக்கும்."

"உடம்பு?" என்றார் மனைவி.

"அடுத்த வருஷத்துல இருந்து பாதி நாள் இங்க இருந்துதான் வேலை பார்ப்பேன். வாக்கு" என்றார் மேலாளர். அந்த நிமிடத்தில் அவர் அதை முழு மனதோடு நம்பினார். பொய் சொல்கிறோம் என்று தெரிந்து பொய் சொல்லும் சாமானியர் அல்லர் அவர்.

காருக்குத் திரும்பியதும் மனைவி மெல்லச் சொன்னார். "விட்டுடுங்க. அவங்க வந்தா அந்தத் தெருவுல குழந்தைங்க சத்தமாவது கேக்கும்."

"உனக்குப் புரியல. ரொட்டி அடுப்புப் புகை அந்த உத்தரத்துல பட்டா என்ன ஆகும்? நூறு வருஷம்! அந்த வீட்டை அவங்க கிட்டேருந்து யாராவது காப்பாத்தணும்."

"எனக்கு வேண்டாம். கையெழுத்து நீங்க மட்டும் போட்டுக்குங்க."

போட்டார். ஓட்டுநர் நகரத்துக்கு, வாசலிலேயே பேருந்து நிற்கும் ஒரு கீழ்த்தள வீட்டுக்குக் குடிபோனார். ரொட்டிக்காரத் தம்பதிக்கு அனுமதிக் கடிதம் பன்னிரண்டாம் நாளே வந்துவிட்டது. அதைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு வேறு எங்கோ போய்விட்டார்கள். மேலாளர் அலுவலகத்தில் "கிராமங்களை மீட்போம்" என்ற தலைப்பில் முக்கால் மணி நேரம் பேசினார். கைதட்டல் நெடுநேரம் நீடித்தது.

வாக்குச் சொன்ன அடுத்த வருடம் தணிக்கை வந்தது. பிறகு புதிய கிளை திறந்தார்கள். பிறகு மேலாளருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆக மொத்தம் அவர் தம் வீட்டில் ஐந்து நாள் தங்கினார். மனைவி ஒரு நாள் தங்கிப் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, மறுநாளே கடைக்கு ஆளில்லை என்று கிளம்பிவிட்டார். மேலாளருக்கு மூன்றாம் நாள் ரொட்டி தீர்ந்தது. வாங்க இருபத்தெட்டு கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது. நான்காம் நாள், பேச ஆளில்லாமல் பரணிலிருந்த வௌவால்களுக்கு வணக்கம் சொன்னார். ஐந்தாம் நாள் பொறுக்க முடியாமல், பக்கத்து நகரத்திலிருந்த ஊராட்சி அலுவலகத்துக்கு நான்கு பக்கத்தில் ஒரு மனு எழுதினார். இவ்வூரில் கடை இல்லை, பேருந்து இல்லை, மனிதரே இல்லை. ஒரு வாழும் ஊரை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் யார் என்று கண்டறிந்து பகிரங்கமாக அறிவிக்க வேண்டும் என்று அதில் கேட்டுக்கொண்டிருந்தார். அனுப்பிவிட்டு, கதவைப் பூட்டி, சாவியைப் புதிதாக மாட்டிய சாவிப்பெட்டியில் போட்டுவிட்டுப் பதினோராவது மாடிக்குத் திரும்பினார்.

இரண்டு வாரத்தில் பதில் வந்துவிட்டது. மேலாளர் முகம் மழித்துக்கொண்டிருந்ததால் மனைவிதான் உறையைப் பிரித்தார். படித்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னம்மா, நடவடிக்கை எடுத்துட்டாங்களா?" என்று உள்ளேயிருந்து கேட்டார் மேலாளர்.

"உடனே எடுத்துட்டாங்க. படிக்கிறேன், கேளுங்க." தொண்டையைச் செருமிக்கொண்டார். "'ஐயா, தங்கள் மனு கிடைத்தது. தாங்கள் கோரியபடி ஊர் காலியானதற்குப் பொறுப்பானவர்களைக் கண்டறிந்துவிட்டோம். வீட்டு எண் வாரியாகப் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது. கடைசி வரியில் தங்கள் பெயரில் எழுத்துப்பிழை ஏதும் இருந்தால் தெரிவிக்கவும், திருத்திக்கொள்கிறோம்.'"