டோல்கேட் ஸ்டாண்டின் அறிஞர்

பொன்மொழிப் புத்தகத்தைக் காணோம். நேற்றுச் சவாரி வந்த யாரோ அதையும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார் போலும்.

டோல்கேட் ஆட்டோ ஸ்டாண்டின் கரும்பலகையில் பன்னிரண்டு வருஷமாக தினம் ஒரு பொன்மொழி எழுதுபவன் தண்டபாணி. முத்து முத்தான கையெழுத்து. எழுதும்போது கண் எழுத்தின் வளைவில், காது சவாரியில். என்ன எழுதினாய் என்று கேட்டால் புத்தகத்தைப் புரட்டித்தான் சொல்வான். ஆனாலும் பலகை ஒருநாளும் காலியாக இருந்ததில்லை என்பதில் அவனுக்கு அவ்வளவு பெருமை.

டீ ஆறிப்போச்சு என்று காலையில் கத்தியதற்கு மனைவி குணசுந்தரி கொடுத்த பதில் நினைவுக்கு வந்தது. "நீயே கத்திகினு இருந்தா, நான் சொல்றது உனக்கு எப்டியா கேக்கும்?" அதைச் செந்தமிழாக்கி எழுதி, கீழே 'ஓர் அறிஞர்' என்று போட்டுவிட்டான்.

நாலு பேர் போட்டோ எடுத்தார்கள். மறுநாளும் திட்டு வாங்கினான், மறுநாளும் எழுதினான். ஒரு மாதம் ஓடியது.

"யாரு மாமு இந்த அறிஞரு?" என்றார் ஸ்டாண்டுத் தலைவர் இன்னாசி.

"ஜப்பான்காரரு. பேரு குணாசுன்."

"இட்டாந்து ஒரு மாலை போட்லாமா?"

"அவரு... போய்ச் சேந்துட்டாரே."

"அடப்பாவமே! அப்ப ஞாயித்துக்கெழம அஞ்சலிக் கூட்டம் வெச்சிடுவோம்."

வைத்தே விட்டார். பந்தல், மைக், எங்கிருந்தோ பிடித்த ஒரு ஜப்பான் தாத்தா படம். ஸ்டாண்டுக்கு எதிரே மீன் விற்கும் குணசுந்தரியும் கூடையை ஓரமாக வைத்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாரும் ஒரு நிமிசம் எந்திரிச்சு..." என்று இன்னாசி ஆரம்பித்ததும் அவளும் எழுந்து தலை குனிந்தாள். தனக்கே அஞ்சலி! மானம் போனால் போகட்டும் என்று தண்டபாணி மைக்கைப் பிடுங்கினான்.

"நிறுத்துங்கபா! ஜப்பானும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரு மாசமா நான் எழுதுனது பூரா என் சம்சாரம் என்னைத் திட்டுனது. அந்த அறிஞரு இவதான். குத்துக்கல்லாட்டம் உயிரோட கீறா!"

சிரிப்பு அடங்க நேரமானது. அப்புறம் ஸ்டாண்டே கைதட்டியது. தண்டபாணிக்கு வெட்கம் போன இடம் தெரியவில்லை. இப்பேர்ப்பட்டவள் என் மனைவி என்று நெஞ்சு நிமிர்ந்தது. படத்துக்கு வாங்கிய மாலையை இன்னாசி அவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கித் தண்டபாணி கழுத்தில் போட்டாள்.

"நான் பள்ளிக்கூடம் பக்கமே போனதில்லபா. எதுர்ல மீன் வித்துகினே, இந்தாளு எழுதுறத எழுத்துக் கூட்டித்தான் படிக்கவே கத்துக்கினேன்" என்றாள். "நான் திட்டுறதுல ஒரு வார்த்தகூட என்னுது இல்ல, அல்லாமே இந்தாளு அந்த போர்டுல எழுதுனதுதான்!"