மாமியாரின் மூளையும் என் ஊக்கும்

ஒரு வேலையில் சேர்ந்து மூன்று நாள் ஆனவர் பயந்துகொண்டே இருப்பார். மூன்று வருஷம் ஆனவர் எதையும் யோசித்துத்தான் சொல்வார். ஆபத்தானவர் மூன்று மாதம் ஆனவர். அவருக்கு எல்லாம் தெரியும். நானும் ஒரு முழுக் காலைப்பொழுது அப்படிப்பட்ட மகா அறிவாளியாக இருந்திருக்கிறேன். வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது நகரத்தில் ஒரு மூளை ஆராய்ச்சிக் கூடத்தில் உதவியாளராக இருந்தேன். நம் மூளை வேலை செய்யும்போது அதிலிருந்து மிகச் சன்னமான காந்த அலை வெளியே வருகிறது. தலையைத் தொடாமல், குத்தாமல் அதை அளக்கும் கருவிக்கு ‘மெக்’ என்று பெயர். பழைய மெக் பாதி அறையை அடைத்துக்கொண்டு நிற்கும். அதன் குழிவுக்குள் தலையை நுழைத்து ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டும். எங்களிடம் வந்திருந்தது புது வகை. ஹெல்மெட் போல மாட்டிக்கொண்டு தலையைத் திருப்பலாம், சிரிக்கலாம். வலிப்பு வரும் குழந்தைகளை ஒரே இடத்தில் உட்கார வைக்க முடியாதே, அவர்களுக்கு இது பெரிய வரம்.

ஒரே ஒரு நிபந்தனை, இரும்பு ஆகாது. மூளையின் அலை அவ்வளவு மெல்லியது, பக்கத்தில் இரும்பு அசைந்தாலே அதில் மூழ்கிவிடும். அதற்காகவே தகடு போர்த்திய தனி அறை கட்டியிருந்தார்கள். உள்ளே போகிறவரின் நகை, கொக்கி, ஜிப், சில்லறை எல்லாவற்றையும் கழற்ற வைத்து, சோதித்து, தாளில் கையெழுத்துப் போடுவது என் வேலை. (அந்தக் கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போடுவேன்.)

ஒரு நாள் எங்கள் கருவியைப் பார்க்க ஒரு குழு வருவதாக இருந்தது. அவர்கள் திருப்தியானால் திட்டம் இன்னும் ஒரு வருஷம் ஓடும். இல்லையென்றால் அந்த மாதத்தோடு திட்டமும் முடிந்தது, என் வேலையும் முடிந்தது. முந்தின நாள் மாலை, ஹெல்மெட் மாட்டிக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்தவர் காய்ச்சல் என்று பின்வாங்கிவிட்டார். எங்கள் தலைவி மேடம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். “ஆளுக்கு நான் பொறுப்பு, மேடம்” என்றேன்.

ஆள் வேறு யாருமில்லை, என் மாமியார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஏற்றுமதித் துணி கம்பெனியில் தைத்ததைச் சோதிக்கும் செக்கராக இருபது வருஷம் இருந்தவர். மறுநாள் காலையில் எங்கள் ஊர் நெமிலிச்சேரியில் ரயில் ஏறும்போதே, கழுத்தில் தாலிச் சங்கிலிக்குப் பதில் மஞ்சள் கயிறு கட்டி வந்திருந்தார்.

“இரும்பு கூடாதுன்னா எனுக்குத் தெரியாதா? எங்க கம்பெனில ஊசி ஒடஞ்சா, அத்தினி துண்டும் கெடைக்கற வரிக்கும் தையல் லைனையே நிறுத்திடுவாங்க” என்றார்.

“அது துணி, அத்த. இது விஞ்ஞானம்” என்றேன். பெண்கள் பெட்டி முழுக்கக் கேட்டது.

கூடத்தில் புடவையை மாற்றிப் பருத்தி அங்கி போட்டுக்கொண்டார். தலை முதல் கால் வரை சோதித்தேன். ஒரு பொட்டு இரும்பு இல்லை. பெரிதாகக் கையெழுத்துப் போட்டேன். அப்போதுதான் அங்கியின் முதுகுப் பக்கத்து நாடா அறுந்து கையோடு வந்தது.

“இன்னாம்மா இது, பின்னால தொறந்துகினு கீது? பெரிய மனுசங்க எதிர்ல இப்டியேவா போவறது?”

நம் ஊரில் கல்யாணமான பெண்ணின் தாலிச் சங்கிலி பாதி மங்கலம், பாதி ஹார்டுவேர் கடை. என்னுடையதில் எப்போதும் ஐந்து ஊக்குகள் தொங்கும். யாருக்காவது எங்காவது ஏதாவது பிரிந்தால் யோசிக்கவே மாட்டோம், கை தானாகக் கழுத்துக்குப் போகும். போயிற்று. இருப்பதிலேயே பெரிய ஊக்காகக் கழற்றி, மாமியாரின் நடு முதுகில் அழகாகக் குத்திவிட்டேன்.

உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை.

மாமியாருக்குப் புரிந்தது. “ஏம்மா, இத்த போயி...” என்று திரும்பினார்.

“பேசாதீங்க அத்த. நான் சொல்ற வரைக்கும் வாயத் தொறக்கவே கூடாது” என்று அதட்டி, பொறியாளர் மகேஷுடன் உள்ளே அனுப்பினேன்.

மகேஷ் ஹெல்மெட்டை மாட்டிவிட்டு வெளியே வந்தார். குழு வெளி அறையில் வந்து அமர்ந்தது. திரையில் மூளையின் அலை வர வேண்டும். வந்தது மலை. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.

“உலோகம் பார்த்தியா?” என்றார் மேடம் மெதுவாக.

“நானே பார்த்தேன், மேடம்” என்று தாளைத் தூக்கிக் காட்டினேன். அதோடு விட்டேனா? இது லிப்ட்டின் வேலை என்றேன். லிப்ட்டை நிறுத்தினார்கள். (குழுவில் தாமதமாக வந்த ஒருவர் அப்போது அதற்குள் இருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.) மலை அசையவில்லை. சுவரோரம் நிற்கும் பைக்குகள்தான் காரணம் என்றேன். வாட்ச்மேன் ஒன்பது பைக்கைத் தள்ளிக்கொண்டு போனார். மலை அப்படியே இருந்தது. கடைசியாக, சென்சாரைச் சரியாகப் பொருத்தவில்லை என்று மகேஷைக் காட்டினேன். ஒரு வாரமாகத் தூங்காமல் பொருத்திய மனுஷன் என்னையே பார்த்தார்.

குழுவின் பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “இந்த அலை அவங்க மூச்சோட சேர்ந்து ஏறி எறங்குற மாதிரி இருக்கே?”

“அதுதான் சார் புதுசு” என்றேன்.

மேடம் என்னை விலக்கிவிட்டு மைக்கை அழுத்தினார். “அம்மா, உள்ள ஏதாவது தொந்தரவா இருக்கா?”

மறுபடி கேட்டார். ஒலிபெருக்கியில் ஒரு கிசுகிசுப்பு வந்தது: “பேசலாமா? எம் மருமவ வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லிக்கீது.”

“பேசுங்க.”

“முதுவுல ஊக்கு கீதும்மா. எங்க கம்பெனியா இருந்தா இந்நேரம் லைன நிறுத்தியிருப்பாங்க.”

எனக்குக் காது மடல் வரை சுட்டது. வேலை போயிற்று என்று அப்போதே தெரிந்துவிட்டது.

“யார் குத்தினது?” என்றார் மேடம்.

“நான்தாம்மா” என்றார் மாமியார், ஒரு நொடி கூடத் தாமதிக்காமல். “மருமவளுக்குத் தெரியாம நான்தான் குத்திக்கினேன். அதும்மேல தப்பு இல்ல.”

“நடு முதுகிலா?”

“எனுக்குக் கை நல்லா எட்டும்மா.”

அவருக்குத் தோள்பட்டை வலி வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கையைத் தூக்க முடியாது. தினமும் காலையில் அவருக்குத் தலை வாரிவிடுவதே நான்தான். ரயிலில் அவரை நான் பேசிய பேச்சு நினைவுக்கு வந்தது. “நான்தான் குத்தினேன், மேடம். லிப்ட், பைக், மகேஷ் எல்லாம் சும்மா. எல்லாம் நான்தான்” என்றேன். மூன்று மாதத்தில் நான் சொன்ன முதல் சரியான விஞ்ஞானத் தகவல் அது.

முதலில் சிரித்தவர் மகேஷ்தான். பிறகு பெரியவர். “ஒரு ஊக்கு மூச்சுக்கு அசையுறதையே இவ்வளவு பெரிசாக் காட்டுதுன்னா, கருவி நல்லாத்தான் இருக்கு. எடுத்துட்டுத் திரும்பப் போடுங்க” என்றார்.

நாடாவை முடிச்சுப் போட்டு மறுபடி பதிவு செய்தோம். மாமியாரின் காதில் ‘டிங்’ என்ற ஒலி விழும்போதெல்லாம் திரையில் சின்ன, சுத்தமான ஒரு மேடு எழுந்தது. லிப்ட்டில் இருந்தவரும் அதற்குள் வியர்வையோடு வந்து சேர்ந்து, அதைப் பார்த்துத் தலையாட்டினார். திட்டம் ஓடியது, என் வேலையும் ஓடியது. இப்போது அந்தச் சோதனைப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. புதிதாக வருகிறவர்களின் கழுத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

கிளம்பும்போது மாமியார் இரண்டு பதிவுகளையும் தாளில் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆவடியில் ஒரு கடையில் கொடுத்து இரண்டுக்கும் கண்ணாடிச் சட்டம் போட்டு, எங்கள் வீட்டுக் கூடத்தில் கல்யாணப் போட்டோவுக்குக் கீழே மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் எல்லாரும் அது என்னவென்று கேட்பார்கள். காப்பித் தம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, ஒழுங்கான சின்ன மேடுகள் உள்ள தாளை முதலில் காட்டுவார்.

“இது எம் மூள.”

அப்புறம் பக்கத்துத் தாளில் தாறுமாறாக ஏறி இறங்கும் மலைகளைக் காட்டுவார்.

“இது எம் மருமவ மூள.”