ஒன்பதாவது தேவாலயத்தில் நான் பூட்டுப்பட்ட விபரம்

மல்வேர்ன், ரொறன்ரோ
ஐப்பசி 14

பாசத்துக்குரிய மச்சான் பேனாட்டுக்குத் தில்லையம்பலம் எழுதிக்கொள்வது. நானும் யோகமலரும் சுகம். இங்கிலாந்துக் குளிரில் நீரும் என் தங்கச்சி அருள்மலரும் இருமல் தடிமன் இல்லாமலிருக்க எல்லாத் தெய்வங்களையும், உம்முடைய பக்கத்துத் தெய்வம் உட்பட, வேண்டுகிறேன்.

நிற்க. உங்களிடம் வந்துவிட்டுத் திரும்பும்போது விமான நிலையத்தில் "என்ன மச்சான், என்னோட கோவமோ?" என்று நீர் கேட்க, நான் பதில் சொல்லாமல் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனது பிழைதான். கோபமில்லை. பயம். யோகமலருக்கு முன்னால் சொல்ல வெட்கமாயிருந்தது.

மூன்று நாளில் ஒன்பது பழைய தேவாலயங்கள் காட்டினீர். உமக்கு வளைவும் தூணும் தெரிந்தன. எனக்குக் காலுக்குக் கீழே கல்லறைகள்தான் தெரிந்தன. செத்தவர்களின் பெயரை மிதிக்கக்கூடாதென்று நான் தாண்டித் தாண்டி நடந்ததை நீர் மூட்டுவருத்தம் என்று நினைத்தீர். அந்தக் கடைசிக் கிராமத்தில் நீர் வெளியே கோபுரத்தைப் படமெடுக்க, பெண்கள் காரில் தேத்தண்ணி குடிக்க, நான் கழற்றிய சப்பாத்தைப் போடுவதற்கு ஒரு பிரபுவின் சமாதிக்குப் பின்னால் குந்தினேன். சாவிக்காரக் கிழவி எட்டிப் பார்த்தார், ஒருவரையும் காணவில்லை, கதவைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்.

போன் காரில். "ஹலோ" என்று கூப்பிட்டேன். கூரையிலிருந்து மூன்று பேர் "ஹலோ" என்றார்கள். தலைக்கு மேலால் வௌவால் பறந்தது. "நமசிவாய" என்று தொடங்கி, இது யாருடைய வீடென்று யோசித்து, மிஷன் பள்ளியில் படித்த "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே"யையும் சொன்னேன். இரண்டாவது வரி வரவில்லை. பக்கத்தில் அந்தப் பிரபுவும் மனைவியும் கல்லாகக் கைகூப்பிக் கிடந்தார்கள், அறுநூறு வருஷமாக, சேர்ந்தே. எனக்கோ கலியாணம் கட்டி நாற்பத்தொரு வருஷம். யோகமலர் முதலில் போய்விட்டால் நான் இப்படித்தான் பூட்டிய வீட்டுக்குள் ஹலோ, ஹலோ என்று கத்துவேனோ? மச்சான், அப்போதுதான் வாய்விட்டு அழுதேன்.

மணிக்கயிறு கண்ணில் பட்டது. பாய்ந்து இழுத்தேன். அது என்னைத் திருப்பி இழுத்தது. குதிக்கால் நிலத்தை விட்டுக் கிளம்பியது. மிச்சத்தை நீரே கண்டீர். கதவு திறந்தது, கிழவிக்குப் பின்னால் அரைவாசி ஊர். "யார் செத்தது?" என்று அவர் கேட்டார். தனிமணி அடித்தால் அங்கே சாவாம். "இன்னும் இல்லை, மேடம்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், எல்லாரையும்விட நீர்தான் கூடச் சிரித்தீர். யோகமலர் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து என் சப்பாத்து நாடாவைக் கட்டிவிட்டு, "வாங்கோ, தேத்தண்ணி ஆறுது" என்றாள். கதைத்தால் குரல் உடையுமென்றுதான் பிறகு நான் வாயே திறக்கவில்லை.

இங்கே வந்தும் குளியலறைக் கதவைப் பூட்டுவதில்லை. போன சனிக்கிழமை விருந்துக்கு வந்த கோணேஸ்வரனின் மனைவி அதைத் திறந்தார். அந்தக் கதை வேண்டாம்.

ஆகவே என் தீர்மானம் இது: சாகும்வரை இனி எந்தப் பழைய தேவாலயத்துக்குள்ளும் கால் வைக்கமாட்டேன். எனக்கு இங்கேயிருக்கிற றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில் போதும். அங்கே எந்நேரமும் சனம். குறை நினைக்காதேயும்.

அருள்மலருக்கு அண்ணனின் ஆசி. உமக்கு நீண்ட ஆயுளும் நிறையப் படங்களும் கிடைக்கட்டும்.

அன்பு மச்சான்,
தில்லையம்பலம்

பி.கு.: கடிதத்தை ஒட்டமுன்னம் மகள் மயூரி ரெலிபோன் எடுத்தாள். அவள் கட்டப்போகிற வெள்ளைக்காரப் பெடியனின் தாய் தகப்பன் ஊர் உங்கள் பக்கமாம். அங்கே தொள்ளாயிரம் வருஷத்துச் சேர்ச்சிலதான் கலியாணமாம். "அப்பா, ப்ளீஸ், நீங்கள்தான் என்ர கையைப் பிடிச்சு உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும்" எண்டாள். நானும் ஓம் எண்டு சொல்லிப்போட்டன். ஆனி மாசம் வாறன், மச்சான்.